போனஸோடு கொடுத்த புத்தகம்

பணக்காரன் ஆவது எப்படி என்று ஆறு புத்தகம் எழுதியவன் முனீஸ். அவன் பணக்காரன் இல்லை. இதை நேரே சொன்னால் அவனுக்குக் கோபம் மூக்கு நுனியில் வந்து நிற்கும். வரட்டும். அவனைப் பற்றிச் சொல்ல வந்துவிட்டு இதை மறைத்தால் அவன் எழுத்துக்கும் இந்த எழுத்துக்கும் என்ன வித்தியாசம்?

ஆறு புத்தகத்தின் பின்னட்டையிலும் கோட்டு போட்டு, கையைக் கட்டி, ஒரு வெள்ளைக் காரில் சாய்ந்து நிற்பான். கோட்டு போட்டோ ஸ்டுடியோவுடையது. கார் யாருடையது என்று அவனுக்கே தெரியாது, தெருவில் நின்றிருந்தது. அவன் நடத்திய மாதப் பத்திரிகையின் பெயர் 'பொன்னேணி'. திருப்பூரில் மண்ணரைப் பக்கம், அய்யூப் பாயின் லேபிள் அச்சகத்துக்கு மேலே மாடியில் ஒற்றை அறை. தலைமை அலுவலகம், கிளை அலுவலகம், ஆசிரியர் குழு எல்லாம் அதுதான்.

விளாத்திகுளத்துப் பக்கம் மழை பொய்த்த ஒரு வருடம், பத்தாவது எழுதிய கையோடு பனியன் கம்பெனி வேலைக்கு வந்தவன். முதலில் கைமடி. தைக்கிறவர் பக்கத்திலேயே நின்று, தைத்து விழுகிற பீஸை எடுத்து மடித்து அடுக்குகிற எடுபிடிக்கு இங்கே அதுதான் பெயர். வந்த கொஞ்ச நாளில் ஒரு கட்டு பீஸை அவன் சைஸ் மாற்றி அடுக்கிவிட்டான். காண்ட்ராக்டர் அயர்ன் பாக்ஸின் வயரை உருவி வெளுத்தார். முதுகில் சட்டை கிழிந்து, தோலும் கிழிந்தது. பாதியில் காண்ட்ராக்டருக்கு டீ வந்தது. அடியை நிறுத்தி, டீயை ஊதி ஊதிக் குடித்து, டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தார்.

வேறொருவன் என்றால் அந்த ஆளை ஆயுசுக்கும் வெறுத்திருப்பான். முனீஸ் வாயைப் பிளந்தான். நூறு பேர் பார்த்துக்கொண்டிருக்க ஒருத்தனை அடித்துவிட்டு, நடுவில் நிம்மதியாக டீயும் குடிக்க முடிகிறதென்றால் அந்த மனுஷனிடம் ஏதோ இருக்கிறது, அந்த ஏதோ பணம்தான் என்று முடிவு கட்டினான். கேடுகெட்ட முடிவு. ஆனால் அதை வைத்துத்தான் அவன் இருபது வருடம் பிழைத்தான்.

அந்த முடிவை முதலில் கையாலேயே சோதித்துப் பார்த்தான். தொழில் பழகியதும் எட்டுப் பேரை வைத்துத் தானே காண்ட்ராக்ட் எடுத்தான். நேரம் கழித்து வந்த ஒரு டெய்லரைக் கன்னத்தில் அறைந்தான். டெய்லர் எழுந்தான், உட்கார்ந்திருந்த ஸ்டூலைத் தூக்கி அவன் வாயிலேயே போட்டான். முன்பல் இரண்டு போயின. மற்ற ஏழு பேரும் கைதட்டினார்கள். காண்ட்ராக்டும் போனது. பின்னட்டைப் படத்தில் அவன் வாயைத் திறக்காமல் நிற்பதற்குக் காரணம் அதுதான், கம்பீரம் ஒன்றுமில்லை. அடிக்கிற ஆளாக ஆக முடியாதவன், அடிக்கிற ஆட்களைப் பற்றி எழுதுகிறவன் ஆனான்.

டைரிக்கும் காலண்டருக்கும் விளம்பரம் பிடிக்கக் கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கியபோது அவனுக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. முதலாளிகளுக்குத் தங்கள் கதையைச் சொல்ல அப்படி ஓர் ஆசை. கேட்கத்தான் ஆளில்லை. வீட்டில் பெண்டாட்டி பிள்ளைகள் காதைப் பொத்திக்கொள்கிறார்கள். முனீஸ் காதைக் கொடுத்தான். பனியனில் தொங்குகிற அட்டையும் சைஸ் லேபிளும் அடிக்கிற அய்யூப் பாய், மிஷின் சும்மா கிடக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் பொன்னேணியை அடித்துக் கொடுத்தார்.

"படிக்க ஆளு இருக்கோ இல்லியோ முனீசு, பேப்பர்க் கடைக்காரனுக்கு மட்டும் காச சொன்ன தேதிக்குக் குடுத்துரு. என் பேரக் கெடுத்துடாத," என்றார் பாய்.

கடையில் அதை யாரும் வாங்கவில்லை. வாங்க வேண்டிய அவசியமும் இல்லை. யார் படம் அட்டையில் வருகிறதோ அந்த முதலாளி தன் ஆட்கள் எத்தனை பேரோ அத்தனை பிரதி வாங்கி, தீபாவளி போனஸ் கவரோடும் ஸ்வீட் பாக்ஸோடும் ஆளுக்கொன்று கொடுத்துவிடுவார். தான் பட்ட பாட்டைத் தன்னிடம் வேலை செய்கிறவர்கள் தெரிந்துகொள்ளட்டும் என்று ஒரு நினைப்பு. அவர்கள் என்ன செய்வார்கள்? அதன்மேல் மிக்சரைக் கொட்டித் தின்பார்கள். பஸ் ஸ்டாண்டில் விரித்து உட்காருவார்கள். பஸ்ஸில் வெக்கை தாங்காமல் விசிறிக்கொள்வார்கள். ஒருத்தரும் படிக்கப்போவதில்லை என்று கொடுக்கிறவருக்கும் தெரியும், அச்சடிக்கிறவனுக்கும் தெரியும். அந்தத் தைரியத்தில்தான் தொழில் ஓடியது.

எழுத்தில் அவன் இரண்டு விஷயத்தில் கறார். எந்த முதலாளி கதையானாலும் அதில் ஓர் அடி விழுந்திருக்க வேண்டும், வாங்கியதோ கொடுத்ததோ. அடி இல்லாத வெற்றியை எவனும் மதிக்கமாட்டான் என்பான். அப்புறம், ஊர் பேர் போட்டு எழுத வேண்டும். "பேரு போட்டாத்தான் பாய் நெசம் மாதிரி இருக்கும்," என்பான். நிஜத்தை எழுதுகிறவன் நிஜம் மாதிரி இருக்கிறதா என்று ஏன் பார்க்க வேண்டும் என்று பாய் கேட்டதில்லை. அவர் லேபிள் அடிக்கிறவர்.

போன வருடத் தீபாவளிக்கு அவனுக்குப் பெரிய மீன் மாட்டியது. வீரபாண்டியில் எண்ணூறு பேரை வைத்துக் கம்பெனி நடத்துகிற சாமியப்பன், கம்பெனியின் வெள்ளி விழாவுக்காக ஒரு சிறப்பிதழ் முழுவதும் தன் கதையாகவே வேண்டும் என்றார். முனீஸுக்குத் தலைகால் புரியவில்லை. இது நல்லபடியாக வந்தால் வீரபாண்டி முதலாளிகள் எல்லாம் வரிசையில் நிற்பார்கள், ரோட்டு மேலேயே கண்ணாடி வைத்த ஆபீஸ் போடலாம் என்று வேல்விழியிடம் சொன்னான். வேல்விழி அவன் மனைவி. "மொதல்ல கேஸ் அடுப்புல ஒரு பர்னரு எரியல, அதப் பாருங்க," என்றாள் அவள்.

சாமியப்பன் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, பேச்சில் தேன். ஏசி அறையில் முந்திரித் தட்டுக்குப் பக்கத்தில் முனீஸ் தன் பழைய போனை வைத்து ரெக்கார்டை அழுத்தினான். பேட்டி எடுக்க என்றே அவன் வைத்திருந்த போன் அது. அப்பா தறி ஓட்டியது, அம்மா எருமை வைத்திருந்தது, முதல் மிஷின், முதல் ஏற்றுமதி எல்லாம் வந்தன. அடி மட்டும் வரவில்லை. முனீஸ் எடுத்துக் கொடுத்தான்.

"ஐயா, கம்பெனில கட்டுப்பாட்டக் கொண்டுவர எப்பவாவது கை நீட்ட வேண்டி வந்துச்சுங்களா?"

"அதையேனுங்க தம்பி கேக்கறீங்க," என்று சாமியப்பன் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். "ஒரு பத்துப் பன்னெண்டு வருசம் இருக்குமுங்க. ராபின்னு ஒரு தெக்கத்திப் பையன். கட்டிங்ல பீஸத் திருடி இடுப்புல சுத்திக்கிட்டுப் போறான்னு பசங்க புடிச்சாந்தாங்க. குடோன்ல போட்டுப் பூட்டிட்டேன். துணி ரோல் கோக்கற இரும்புக் கம்பி இருக்குதுங்கள்ல, அதுலயே போட்டேன். நானு ஓஞ்சா பசங்க, பசங்க ஓஞ்சா நானு. கால் எலும்பு முறியற சத்தம் கேட்டுது பாருங்க, கரும்ப ஒடிச்சாப்பல."

முனீஸ் தலையாட்டினான். பையன் நிஜமாகத் திருடினானா என்று கேட்கவில்லை. அவனுக்குத் தேவையான அடி கிடைத்துவிட்டது.

"அவன் கெஞ்சுனதப் பாக்கோணுமே," என்று சாமியப்பன் நாற்காலியிலிருந்து இறங்கி, கம்பளத்தில் மண்டி போட்டு, இரண்டு கையையும் கூப்பி, தெற்கத்திப் பேச்சில் அந்தப் பையன் அழுததை நடித்துக் காட்டினார். வேட்டி கட்டிய பெரிய மனிதர் பொடியன் குரலில் மூக்கை உறிஞ்சி அழுததைப் பார்த்து முனீஸ் சிரித்தான். முதலாளி குஷியாகிவிட்டார் என்றால் கூடச் சிரித்துவிடுவது அவன் தொழிலில் பழகிய வித்தை. ஆனால் இதற்கு வித்தை தேவைப்படவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிஜமாகவே சிரித்தான்.

"அப்பறம் என்னங்கய்யா ஆச்சு?"

"வெடியால பசங்க வேன்ல ஏத்தி நொய்யல் ஆத்துக்கு அந்தப்பக்கம் எறக்கி உட்டுட்டு வந்துட்டாங்க. எங்கியோ போய்ட்டான். அதுக்கப்பறம் என்ற கம்பெனில ஒரு துண்டுத் துணி காணாமப் போனதில்லீங்க. எழுதிக்கங்க."

எழுதிக்கொண்டான். 'ஒழுங்கு பிறந்த இரவு' என்று தலைப்பு. 'ராபின் என்ற தென்மாவட்ட இளைஞனுக்கு அன்று குடோனில் கிடைத்த பாடம் நிறுவனத்துக்கே கிடைத்த பாடம். விடிந்ததும் சொந்த வேனிலேயே அவனை ஏற்றி அனுப்பிவைத்தது முதலாளியின் பெரிய மனது' என்று அந்த அத்தியாயத்தை முடித்தபோது அவனுக்குக் கை கூசவில்லை. சாமியப்பன் அச்சுக்கு முன் பிரதியை வாங்கி, தன் புகைப்படங்களில் தலைமுடி கறுப்பாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

அந்த ராபினுக்கு ஓர் அக்கா உண்டு. பெயர் ஆஷா. சாத்தான்குளத்துப் பக்கம் அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபின் தம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு திருப்பூருக்கு வந்தவள். ஒரு சனிக்கிழமை வேலைக்குப் போன தம்பி ரூமுக்குத் திரும்பவில்லை. கம்பெனியில் போய்க் கேட்டபோது, அன்றைக்கு அவன் வேலைக்கே வரவில்லை என்றார்கள். பெங்களூருக்கு எவளையோ இழுத்துக்கொண்டு ஓடிவிட்டான் என்று பேச்சு வந்தது. கேட் பக்கம் அழுதுகொண்டு நின்றவளைப் பார்த்துச் சாமியப்பன்தான், "சும்மா அழுவாத கண்ணு, இங்கியே செக்கிங்ல சேந்துக்கோ," என்று வேலை கொடுத்தார். பதினோரு வருடமாக அவள் முதலாளியைக் கும்பிட்டாள், ஓடிப்போன தம்பியை வாய்க்கு வந்தபடி சபித்தாள்.

போனஸ் நாள். தையல் ஹாலில் மேடை போட்டு, மைக் வைத்து, சாமியப்பன் கையாலேயே கவர் கொடுத்துக்கொண்டிருந்தார். பக்கத்து நாற்காலியில் மாலையும் கழுத்துமாக முனீஸ். 'செல்வத்தின் ஆசான்' என்று அவனை மைக்கில் அறிமுகம் செய்திருந்தார்கள். கவரை வாங்கியவர்கள் மேஜைமேல் பொன்னேணியை விரித்து மிக்சரைக் கொட்ட ஆரம்பித்தார்கள். ஆஷா கொட்டவில்லை. சர்ச்சில் வேதபாடம் வாசித்துப் பழகியவள், கையில் அச்செழுத்து கிடைத்தால் படிக்காமல் விடமாட்டாள். ஒவ்வொரு பக்கமாகப் படித்துக்கொண்டே வந்தாள்.

வரிசையை விலக்கிக்கொண்டு அவள் மேடை ஏறியபோது, இன்னொரு கவர் கேட்க வருகிறாள் என்றுதான் முனீஸ் நினைத்தான். மைக்குக்கு முன்னால் வந்து நின்றாள்.

"எந்தம்பி ராபினு எங்க மொதலாளி?"

ஹாலின் நான்கு ஸ்பீக்கரிலும் அந்தக் கேள்வி கேட்டது. சாமியப்பன் சிரித்தார். "யாரு கண்ணு? எந்த ராபினு?"

"அன்னைக்கு வேலைக்கே வரலைன்னு சொன்னிய. இதுல குடோன்ல வச்சு அடிச்சதாப் போட்டிருக்கு. வேன்ல ஏத்துனதாப் போட்டிருக்கு. நடக்க முடிஞ்சவன எதுக்கு வேன்ல ஏத்துனிய?"

சாமியப்பன் முனீஸ் பக்கம் திரும்பினார். "அட, அது தம்பி சும்மா ஒரு இதுக்கு எழுதுனதுங்க. சொல்லுங்க தம்பி, அந்தப் புள்ள கேக்குதில்ல."

எண்ணூறு பேர் அவன் வாயைப் பார்த்தார்கள். முனீஸ் ஆஷாவின் முகத்தைப் பார்த்தான். அவள் அவனையே நம்பி நிற்பதுபோல நின்றாள். அதுதான் பயமாக இருந்தது.

"ஆமாங்க... ஒரு சுவாரசியத்துக்கு... நானாத்தான்..." என்று மென்று விழுங்கினான்.

செக்கிங் பெண்கள் பிசிறு நூல் வெட்டுகிற ட்ரிம்மர் கத்திரி அவள் விரலிலேயே மாட்டியிருந்தது. அதைச் சாமியப்பனின் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே இறக்கினாள். உருவி மறுபடி இறக்கினாள். மூன்றாவது குத்து கன்னத்தைக் கிழித்துக்கொண்டு போனது. வெள்ளைச் சட்டை நெஞ்சுவரை நனைந்து, போனஸ் கவர்கள்மேல் ரத்தம் கொட்டியது. மேனேஜர் மைக் ஸ்டாண்டைப் பிடுங்கி அவள் தலையில் அடித்தான். விழுந்தவளின் முடியைப் பிடித்து மேடையிலிருந்து தரதரவென்று இழுத்து, நாலு பேர் சேர்ந்து வயிற்றிலும் முகத்திலும் மிதித்தார்கள்.

அவ்வளவுதான், ஹால் வெடித்தது. தெற்கத்தி ஆட்கள் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு மேடைக்குப் பாய்ந்தார்கள். சூப்பர்வைசர் ஒருவன் முகத்தில் சூடான அயர்ன் பாக்ஸ் விழுந்தது. அவன் அலறிய அலறல் மைக்கில் கேட்டது. டியூப்லைட்டுகள் தலைமேல் உடைந்து கொட்டின. ஸ்வீட் பாக்ஸ் பறந்தது, கத்திரி பறந்தது. வடநாட்டுப் பையன்கள் பண்டல்களுக்கு அடியில் பதுங்கினார்கள். யாரோ குடோனுக்குத் தீ வைத்தார்கள். "இவந்தாம்ல எழுதுனவன்!" என்று ஒருத்தன் முனீஸின் மாலையைப் பிடித்து இழுத்து மூக்கில் குத்தினான். "இவனாலதான்டா எல்லாம்!" என்று முதலாளியின் ஆள் ஒருத்தன் பின்னாலிருந்து விலாவில் உதைத்தான். இரண்டு கட்சியும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான். கிழிந்த மாலையோடு அவன் சாக்கடைப் பக்கச் சுவரேறிக் குதித்து, தலைதெறிக்க ஓடினான். ஆஷா அங்கேயே கிடந்தாள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆஷாமேல் கொலை முயற்சி வழக்கு. மண்டையில் கட்டோடு ஜெயிலில் வைத்தார்கள். சாமியப்பனுக்குத் தையல் போட்டு ஒரு வாரத்தில் வீட்டுக்கு அனுப்பினார்கள். தையல் பிரிப்பதற்கு முன்பே அவருடைய மேனேஜர் பொன்னேணியின் மாடி ஏறி வந்தான்.

"அடுத்த புக்குல அந்த அத்தியாயம் வெறும் கற்பனைன்னு ஒரு அறிவிப்பு போட்டுருங்க. பேசுனத ரெக்கார்டு கிக்கார்டு எடுத்திருந்தா குடுத்துருங்க. வருசா வருசம் எங்க புக்கு உங்களுக்குத்தான். ரோட்டு மேல ஐயாவோட பில்டிங் ஒண்ணு சும்மாத்தான் கெடக்குதுங்க."

அறிவிப்பு போடுகிறேன் என்றான் முனீஸ். ரெக்கார்டை அழித்துவிட்டேன் என்றான். அழிக்கவில்லை. அந்தப் பழைய போனில் வேல்விழி சீரியல் பார்த்துக்கொண்டிருந்தாள், அதற்குள்ளேயே அது கிடந்தது. கலவரத்துக்கு மறுநாள் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒருமுறை போட்டுக் கேட்டான். தன் சிரிப்பு வந்த இடத்தில் அணைத்துவிட்டான். ஆஷாவை வெளியே எடுக்கவும் சாமியப்பனை உள்ளே தள்ளவும் அது ஒன்றுதான் உண்டு என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அதைக் கொடுத்தால் அந்தச் சிரிப்பை அவள் கேட்பாள். அடி வாங்கலாம், பத்திரிகை போகலாம், அவள் காதில் அந்தச் சிரிப்பு மட்டும் விழக்கூடாது என்று இருந்தான். அதற்காக ஒருத்தி ஜெயிலில் கிடந்தாலும் பரவாயில்லை என்று இருந்தான் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அறிவிப்பை எழுதிக் கீழே கொண்டுபோனான். அய்யூப் பாய் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார், மடித்து அவன் சட்டைப் பையிலேயே செருகினார்.

"இது என் மிஷின்ல ஏறாது முனீசு."

"பாய், புரிஞ்சுக்காமப் பேசாதிய. என் பொழப்பே இதுலதான் இருக்கு."

"அந்தப் புள்ள பொழப்பும் இதுலதான் இருக்கு. போன எதழ அடிச்சதும் நாந்தான். மிஷின்ல ஏத்தறப்ப படிச்சேன், நமக்கென்னன்னு உட்டுட்டேன். இத உடமாட்டேன். ஊர்ல வேற பிரஸ்ஸா இல்ல? போயி அடிச்சுக்க."

வேறு பிரஸ்ஸுக்குக் கிளம்பத்தான் திரும்பினான். வாசலில் மேனேஜரும் மூன்று பேரும் நின்றிருந்தார்கள். அடித்த அறிவிப்பை எடுத்துப்போக வந்தவர்கள், பாய் சொன்னதைக் கேட்டுக்கொண்டே உள்ளே வந்தார்கள். ஒருத்தன் ஷட்டரைப் பாதி இறக்கினான். இன்னொருத்தன் மிஷினின் உருளையைக் கம்பியால் நொறுக்கினான். மை டப்பாக்கள் உருண்டன. அய்யூப் பாயின் தாடியைப் பிடித்துத் தலையைச் சுவரில் மோதினார்கள். அறுபது தாண்டிய மனுஷர், ஒரு சத்தம் போடவில்லை. "ஏத்துறியா, இல்லியா?" என்று கேட்டு, பேப்பர் வெட்டுகிற மிஷினின் கத்திக்கு அடியில் அவருடைய வலது கையை வைத்து அழுத்தினார்கள். பாய் தலையை மட்டும் ஆட்டினார், முடியாது என்று. மேனேஜர் கைப்பிடியை இழுத்தான். நடுவிரலும் மோதிர விரலும் லேபிள் கட்டின்மேல் விழுந்தன.

முனீஸ் என்ன செய்கிறோம் என்று தெரிந்து செய்யவில்லை. மிஷினுக்கு அடியில் கிடந்த பெரிய ஸ்பேனர் அவன் கையில் இருந்தது. மேனேஜரின் பின்மண்டையில் இறக்கினான். அவன் குப்புற விழுந்தான். விழுந்தவனை மறுபடி அடித்தான், கண்மண் தெரியாமல் அடித்தான், தோளெலும்பு உள்ளே போகிறவரை அடித்தான். அப்புறம் மற்ற மூவரும் அவன்மேல் விழுந்தார்கள். இடது கையை முழங்கையில் மடக்கி ஒடித்தார்கள். விலாவில் ஏறி மிதித்தார்கள். மிச்சம் இருந்த பல்லில் பாதி வாய்க்குள்ளேயே உடைந்தது. எதிர் ஷெட்டில் பீஸ் மடித்துக்கொண்டிருந்த பெண்கள் கூச்சல் போட்டுக்கொண்டு ஓடிவந்து, ஷட்டரைத் தூக்கி, கையில் கிடைத்ததை எறிந்திருக்காவிட்டால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும்.

ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் அய்யூப் பாய் கட்டுப் போட்ட கையைத் தூக்கி வைத்துக்கொண்டு, அவன் பக்கம் பார்க்காமல் படுத்திருந்தார். முனீஸ் வேல்விழியைக் கூப்பிட்டான். வாய் வீங்கிப் பேச்சு குழறியது.

"அந்தப் பழைய போன எடுத்துட்டு வா."

"சீரியல் பாக்கிறதா? இப்ப எதுக்குங்க?"

"எடுத்துட்டு வா தாயீ."

ஆஷாவின் வக்கீல் விஜயகுமாரி, கறுப்புக் கோட்டோடு ஆஸ்பத்திரிக்கே வந்தார். காதில் வைத்து முழுவதும் கேட்டார். கேட்டு முடித்து அவனை ஒரு பார்வை பார்த்தார்.

"நடுவுல சிரிக்கறது நீங்களாங்க?"

"ஆமாம்மா. அந்த இடத்த மட்டும் கொஞ்சம் வெட்டிரலாமா?"

"ஒரு நொடி வெட்டுனாலும் கோர்ட்ல நிக்காதுங்க. குடுத்தா முழுசாக் குடுக்கோணும். இல்லீன்னா நீங்களே வெச்சுக்குங்க."

முனீஸ் தலையணைக்கு அடியில் கிடந்த சார்ஜரையும் எடுத்து நீட்டினான். "கொண்டு போங்க," என்றான்.

சாமியப்பனையும் மண்டை தேறிய மேனேஜரையும் பிடித்தார்கள். குடோனில் கூட இருந்தவர்களில் ஒருத்தன் போலீஸ் அடியில் எல்லாவற்றையும் கக்கினான். வேனில் ஏற்றும்போதே பையனிடம் மூச்சு இல்லை. ஆற்றோரம் சாயக்கழிவு தேங்கிய பள்ளத்தில் போட்டுவிட்டு வந்தார்கள். அந்த வாரமே அடையாளம் தெரியாத உடல் என்று எடுத்துப் புதைத்தும் ஆயிற்று. வழக்கு இன்னும் நடக்கிறது. சாமியப்பன் ஜாமீனில் வந்துவிட்டார். பொன்னேணி நின்றுவிட்டது. ஆறு புத்தகத்தையும் வேல்விழி எடைக்குப் போட்டாள், அவன் தடுக்கவில்லை.

ஆஷா ஜாமீனில் வந்த மறுநாள், விஜயகுமாரியின் ஆபீஸுக்கு முனீஸை வரச் சொன்னார்கள். சாட்சி சொல்வதைப் பற்றிப் பேச என்றார்கள். கையில் மாவுக்கட்டோடு போனான். ஆஷா ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் தையல் போட்ட தழும்பு, ஒரு கண் இன்னும் சரியாகத் திறக்கவில்லை. அவள் எழுந்து செருப்பைக் கழற்றுவாள் என்று எதிர்பார்த்துப் போயிருந்தான். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம், அடி அவனுக்குப் பழக்கம்தான். அவள் அடிக்கவில்லை.

"எனக்கு அதக் கேக்கணும்," என்று வக்கீலிடம் சொன்னாள்.

விஜயகுமாரி கம்ப்யூட்டரில் அதன் பிரதியைப் போட்டார். தறி வந்தது, எருமை வந்தது, முதல் மிஷின் வந்தது. ஆஷா அசையாமல் கேட்டாள். கம்பி வந்தது. கரும்பு ஒடிந்த பேச்சு வந்தது. முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். அப்புறம் சாமியப்பன் மூக்கை உறிஞ்சி, பொடியன் குரலில் அழுதார்.

"அண்ணாச்சி, விட்டுருங்கண்ணாச்சி. எங்கக்கா ரூம்ல ஒத்தைல இருப்பா. நா போவாட்டா சோறு திங்கமாட்டா அண்ணாச்சி. அவகிட்ட மட்டும்..."

அதற்குமேல் கேட்கவில்லை. முனீஸின் சிரிப்பு வந்து மூடியது. வெடித்து, இருமி, மூச்சு வாங்கி, மறுபடி வெடிக்கிற நீளமான சிரிப்பு. அதற்கு அடியில் சாமியப்பன் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். சிரிப்பு அடங்கியபோது அவர் கதை வேனுக்குப் போய்விட்டிருந்தது.

ஆஷா எழுந்து வந்து கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் நின்றாள். "இன்னொருக்கா போடுங்கம்மா." போட்டார். அவள் குனிந்து ஸ்பீக்கரில் காதை ஒட்டவைத்துக் கேட்டாள். சிரிப்பு வந்தது. "இன்னொருக்கா," என்றாள். நான்காவது தடவைக்கு அப்புறம் நிமிர்ந்து முனீஸைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, கடையில் மறந்து வைத்த பொருளைத் தேடி வந்து கேட்கிறவள்போல ஒரு பதைப்புத்தான் இருந்தது.

"அண்ணாச்சி, நீங்க சிரிக்கையில எந்தம்பி எனக்கு என்னமோ சொல்லுதான். 'அவகிட்ட மட்டும்'னு சொல்லுதான். அது என்னது?"

முனீஸ் யோசித்தான். கண்ணை மூடி, அந்த ஏசி அறை, கம்பளம், மண்டி போட்ட வேட்டி எல்லாவற்றையும் கொண்டுவந்து நிறுத்தினான். சாமியப்பனின் வாய் அசைவதுகூடத் தெரிந்தது.

"தெரியலம்மா," என்றான். "நான் கேக்கல."

அவள் அவன் மாவுக்கட்டுப் போடாத கையைப் பிடித்துக்கொண்டாள். "நல்லா யோசிங்கண்ணாச்சி," என்றாள். "நீங்கதான பக்கத்துல இருந்திய."